கன்னிக்கு எடுத்த பாவாடை

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒரு கன்னி இருப்பாள். மணமாகும் முன்னே இறந்துபோன அந்த வீட்டுப் பெண். மூலையில் ஓர் ஓலைப் பெட்டி, அதற்குள் சின்னப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல். ஆண்டுக்கொருமுறை புதிது எடுத்துப் படைப்பார்கள். பழையதை வீட்டில் வளர்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எப்படி இறந்தாள் என்று கேட்டால் அம்மை என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். பல பிள்ளைகளை அவைதாம் கொண்டுபோயின. ஆனால் “அப்பா ஏசிட்டாருன்னு போயிட்டா” என்று ஆச்சிமார் குரலைத் தாழ்த்திச் சொல்லும் கன்னிகளும் இருக்கிறார்கள். ஓர் ஏச்சுக்காக யாரும் போவதில்லை. அதற்கு முன் அவள் விழுங்கியவை எத்தனையோ. அவற்றைச் சொல்ல அந்தப் பெட்டியில் இடமில்லை.

எழுத்து ஆவணங்களும் இதைவிட நேர்மையாக இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. பிழைத்து எழுந்தவள் மேல் வழக்கு வரும் என்றால் வீடு பொய் சொல்லத்தான் செய்யும். ‘தீராத வயிற்றுவலி’ என்ற செய்தித்தாள் வரி நம் எல்லோருக்கும் மனப்பாடம். படிப்பை நிறுத்தியது, மாமனுக்கு நிச்சயித்தது, வேறு சாதிப் பையனோடு பேசியதற்கு அண்ணன் அடித்தது எல்லாம் அந்த ஒரு வயிற்றுக்குள் அடங்கிப்போயின.

வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இறங்கிய பிறகு, 1983இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் உடற்கூறு ஆய்வு நடந்தாக வேண்டும் என்றானது. பெரிய வெற்றிதான். ஆனால் கணவன் வீட்டைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட சட்டம் அப்பன் வீட்டைப் பற்றி அப்படித் தனியாக எதுவும் கேட்கவில்லை. மணமாகாத பதினாறு வயதுக்காரி அங்கேயும் கன்னிதான்.

கேட்டவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள். கணியம்பாடி ஒன்றியத்தில், சுமார் 1,08,000 பேரிடையே நேர்ந்த சாவுகளை, காவல்நிலையப் பதிவை நம்பியிராமல் வீட்டாரிடமும் ஊராரிடமும் பேசி விசாரித்தார்கள். 2004இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. 10 முதல் 19 வயதுவரை, ஆண்டுக்கு லட்சம் பெண்பிள்ளைகளில் 148 பேர், ஆண்பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்குவரை தற்கொலை. உலகின் பல நாடுகளில் இந்த வயதில் ஆண்களின் எண்ணிக்கையே கூடுதல். நம் கிராமம் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தது.

எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கூட்டம் நெரியும். அரியும் சிவனும் ஒன்றாய்த் தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற கோமதியின் பிடிவாதத்தைக் கும்பிட வருகிற கூட்டம். வீட்டில் மகள் ஒருவேளை சோற்றைத் தள்ளிவைத்தால் மட்டும் அது திமிர். ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்று அவள் சொன்னால் அது நடிப்பு. முழுக்கைச் சட்டைக்குள் அவள் எதை மறைக்கிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேறு. அப்படிக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்கியது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் இனி வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளதைச் சொன்னால்தான் மருத்துவராலும் காப்பாற்ற முடியும். 14416, 104 என்ற இலவச எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கும் மாணவி யாரையும் கேட்காமல் தானே கூப்பிடலாம்.