சிங்கன் அறிந்த கணக்கு

குற்றாலக் குறவஞ்சி என்றதும் நமக்கு நினைவு வருவது யார்? வசந்தவல்லி, அவள் பந்தாடும் அழகு. அடுத்தபடியாக, கூடையை இடுக்கிக்கொண்டு வந்து மலைவளம் பாடிக் கை பார்த்துக் குறி சொல்லும் சிங்கி. சிங்கியின் புருஷன் சிங்கனை யாரும் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. கண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்டாட்டியைத் தேடி அலைகிற வேடன். கைக்கு எட்டிய பட்சிகளையும் அவள் ஞாபகத்தில் கோட்டை விடுகிற அசடு. சிரித்துவிட்டு அப்பால் போய்விடுகிறோம்.

எனக்கோ அந்த நூலிலே விஷயம் தெரிந்த மனிதன் சிங்கன்தான் என்று படுகிறது.

நூலை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலமே மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது. இந்தக் கவிராயர் சிங்கனை மரத்தின் மேல் ஏற்றிவிட்டு, பறவைகள் வருவதையும், வந்து இறங்குவதையும், இறங்கி மேய்வதையும் மூன்று பாட்டாகப் பாடவைக்கிறார். எங்கே மேய்கின்றன என்பதற்கு ஊர் ஊராக, வயல் வயலாக, குளம் குளமாகப் பெயர் அடுக்குகிறார்.

தமிழ்ப் புலவர்கள் இதில் சந்த நயம் காண்பார்கள். காணட்டும். நான் கண்டது வேறு. குற்றாலத்து மலையிலே காடும் பெரிது, அருவியும் பெரிது. ஆனால் சிங்கன் நீர்ப்பறவை பிடிப்பதற்கு அருவிக்கரையில் போய் உட்காரவில்லை. குளத்துக்கும் வயலுக்கும் வருகிறான். தண்ணீர் அதிகமாக இருக்கும் இடம் வேறு, பறவைக்குச் சாப்பாடு கிடைக்கும் இடம் வேறு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரித்திரம் என்பது ராஜாக்களின் சண்டை மட்டும் அல்லவென்றால், முந்நூறு வருஷங்களுக்கு முன் தென்காசிச் சீமையில் பறவைகள் எங்கே இரை தேடின என்பதற்குச் சிங்கனின் பாட்டும் ஒரு சரித்திர ஆதாரந்தான்.

இரண்டும் எப்படி வேறாகும் என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் சொல்ல உங்களைக் கொஞ்சம் தூரம் அழைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. தென்காசியிலிருந்து நேரே தெற்கே. கன்னியாகுமரியைத் தாண்டி, பூமியின் அடிக்கோடி வரையில். கம்பளி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்டார்டிகாவில் அடெலி என்று ஒரு ஜாதிப் பெங்குவின் உண்டு. கரையில் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டும். சாதாரணமாக இரண்டு முட்டை. தாயும் தகப்பனும் முறை வைத்துக்கொண்டு, ஒன்று குஞ்சைக் காக்க, மற்றது கடலுக்குப் போய்க் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று, வயிற்றில் சுமந்து வந்து ஊட்டும். கடலில் கிரிலுக்குப் பஞ்சம் இல்லாவிட்டாலும் கடலின் மேல் பனிக்கட்டி தளம் போட்டதுபோல் மூடியிருக்கிறதே! அது உடைந்து விலகினால் கூட்டை விட்டு இறங்கியதும் நீந்தலாம். விலகாவிட்டால், நீந்தப் பிறந்த பிராணி, அந்தக் குட்டைக் கால்களால் பனிமேல் தத்தித் தத்தி நடந்து, ஒரு விரிசலைத் தேடிப் பிடித்து உள்ளே குதிக்கவேண்டும். அது திரும்பி வரும்வரை குஞ்சின் பசி காத்திருக்குமா?

கிழக்கு அண்டார்டிகாவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்திலே ஒரு பெங்குவின் குடியிருப்பு இருக்கிறது. 2013-14 பருவத்தில் பனி விலகாததோடு மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 2016-17-ல் மறுபடியும் பனி வழி மறித்தது. சுமார் 18,000 ஜோடிகள் கூடு கட்டிய அந்த இடத்தில் பிழைத்தவை இரண்டே இரண்டு குஞ்சுகள். வேறொரு கரையிலே ஜப்பானிய விஞ்ஞானிகள் பெங்குவின்களின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டிப் பல பருவங்கள் கவனித்து, முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். பனி உடைந்து விலகிய வருஷத்தில் பறவைகள் நடையை விட்டு நீந்தின, குறைந்த நேரத்தில் அதிக இரை கொண்டுவந்தன, குஞ்சுகள் கொழுத்தன.

அப்படியானால் பனி ஒழிந்தால் பெங்குவினுக்கு யோகம் என்று நினைத்துவிடக் கூடாது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் வயிறு வளர்ப்பது பனியின் அடிப்புறத்தில் படியும் பாசியைத் தின்றுதான். அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடற்பனி வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. அங்கே 1970-களிலிருந்து அடெலிப் பெங்குவின்கள் வெகுவாகக் குறைந்துபோயின. ஆகவே பனிதான் வயல். பனிதான் அந்த வயலின் கதவும். கதவு திறக்கவேண்டிய நாளில் திறக்கவேண்டும். மூடவேண்டிய நாளில் மூடவேண்டும்.

இனிக் கம்பளியைக் கழற்றிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பலாம்.

ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியாக ஓடுகிறது. அணைக்கட்டுகள் அதை மறித்துக் கால்களில் திருப்ப, கால்கள் குளங்களை நிரப்ப, ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். மிச்சம் கீழே சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வாடைமழை வந்து குளங்களை மறுபடியும் ததும்ப வைக்கிறது. ததும்பும் குளம் நமக்குக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அங்கே மஞ்சள் மூக்கு நாரையைத் தேடினால் கரையோரத்தில்தான் காணலாம். அது அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்டதும் படக்கென்று மூடும். முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் அதன் பிழைப்பு நடவாது. ஆழத்தில் இரை தேடக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இருக்கின்றன. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போகப் போகக் குளம் சுருங்குகிறது. நேற்றுவரை விரிந்த நீரில் சிதறிக் கிடந்த மீனெல்லாம் இன்று சிறிய நீரில் நெருங்கி நெளிகின்றன. அப்போதுதான் நாரைக்கு விருந்து. முற்றிலும் வற்றினாலோ விருந்தும் முடிந்தது, விருந்தாளியும் போய்விட்டார்.

நாரைக்கு இந்தக் கணக்கு தெரியும். திருநெல்வேலி ஜில்லாவில் கூந்தன்குளத்து மரங்களில், தை பிறந்து குளங்கள் இறங்கும் பருவத்தை ஒட்டித்தான் கூடுகள் நிறைகின்றன. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரிலும் மருத மரங்களின் உச்சியில் நாரையும் கொக்கும் குடித்தனம் செய்கின்றன. கூந்தன்குளத்து ஜனங்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. 1994-ல் அது சரணாலயமாயிற்று. 2005-ல் திருப்புடைமருதூர் இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கூட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்தது சந்தோஷமே. ஆனால் குஞ்சுக்கு இரை அந்த மரத்தடியில் மட்டுமா விளைகிறது? சுற்று வட்டாரத்துக் குளங்களிலும் வயல்களிலும் அல்லவா விளைகிறது!

தென்துருவத்தில் கதவைத் திறப்பதும் மூடுவதும் காற்றும் கடலும். இங்கே திறப்பவன் மனிதன். பாண்டியர் காலத்திலிருந்து இந்தச் சீமையில் குளம் வெட்டியவனும், கரை கட்டியவனும், மடை திறந்தவனும் தம் நெல்லைத்தான் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் அறியாமலே பறவைகளின் பஞ்சாங்கத்தையும் எழுதினார்கள். குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்துக்கு 1858-ல் சென்னை மாகாணத்தில் சட்ட பலமே கொடுத்துப் பார்த்தார்கள். ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்தபின் சட்டத்தால் தூக்கி நிறுத்த முடியவில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் குளங்களைச் செப்பனிடும் வேலையை மீண்டும் தொடங்கியது.

நல்ல வேலைதான். ஆனால் தூர் எடுப்பது வேறு, பள்ளம் தோண்டுவது வேறு. சரிவாக இறங்கும் குளத்தில் ஏதாவது ஓரிடத்தில் எப்போதும் முழங்கால் தண்ணீர் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்த விளிம்பு உள்ளே நகர்ந்துகொண்டே போகும். மண்ணுக்காகச் செங்குத்தாக வெட்டிய குழியில் அந்த விளிம்பே இல்லை. குழி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய மீன். கரையில் நாரை பட்டினி. பனிமேல் நின்று கீழே இருக்கும் கிரிலை எட்டமுடியாத பெங்குவினுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆர்வலர்கள் கூடி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். சிங்கன் மரத்தின் மேல் ஏறிச் செய்த வேலையை இவர்கள் கரைமேல் நின்று, கண்ணியில்லாமல் செய்கிறார்கள். அந்தக் கணக்கோடு ஒவ்வொரு குளத்திலும் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர், எங்கே முழங்கால் ஆழம் என்று இன்னொரு பத்தியும் சேர்த்து எழுதி, குளம் வெட்ட வருகிறவர் கையில் கொடுத்துவிட்டால், கவிராயர் பாடிய பறவைகள் இன்னும் பல காலம் வரும், இறங்கும், மேயும்.