மன்னார் வளைகுடாவில் ஊட்டச்சத்துச் சுழற்சி

மன்னார் வளைகுடாவின் ஊட்டச்சத்துச் சுழற்சி என்பது, அங்கு வாழும் விலங்குகள் உண்டு கழிப்பதன் வழியாக நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு முதலிய சத்துகள் நுண்பாசிகளுக்கும் கடற்புற்களுக்கும் மீண்டும் கிடைக்கும் நிகழ்வாகும். கடலின் உணவுக்கு அடிப்படையான நுண்பாசிகள் வெயில் எட்டும் நீரில் மட்டுமே வளரும். அவற்றை உண்ணும் உயிரிகளின் எச்சமும் இறந்த உடலும் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வாறு இறங்கும் சத்தைத் தாவரங்களுக்கு மீட்டுத் தருவதில் நுண்ணுயிர்களோடு விலங்குகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆற்றின் வரவு

பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கிறது. பாறை கரைந்த சிலிக்கேட்டும், காட்டுச் சருகும் வயல் உரமும் தரும் நைட்ரேட், பாஸ்பேட் உப்புகளும் அதனோடு கடலுக்குச் செல்கின்றன. முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே இருப்பது, இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்குச் சான்று. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். நீரின் பெரும்பகுதி வாய்க்கால்களில் பிரிந்து நெல்லுக்கும் வாழைக்கும் போய்விடுவதால், வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தின்போதுதான் ஆற்றின் வரவு கடலுக்கு மிகுதி. மற்ற மாதங்களில் கடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் சத்தே திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டியிருக்கிறது.

ஆய்வு வரலாறு

இக்கடலின் விலங்குகளை அறிவியல் முதலில் கவனித்தது முத்துக்காகவே. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் கடல் விலங்குகள் பற்றியும் நூல் வெளியிட்டார். சிப்பிகள் சில ஆண்டுகளில் பெருகிச் சில ஆண்டுகளில் அடியோடு மறைவதன் காரணத்தை அறிய, இலங்கை அரசு வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. அவருடைய ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

சத்துகளின் கணக்கு அதன் பின்னரே தெளிவாயிற்று. மிதவை உயிரிகளின் உடலிலும் கடல் நீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பதை ஆல்பிரட் ரெட்பீல்டு 1934இல் எடுத்துக்காட்டினார். உயிர்கள் கடலில் வாழ்வதோடு கடல் நீரின் தன்மையையே ஆக்குகின்றன என்ற கருத்துக்கு இது வழிவகுத்தது. வெளியிலிருந்து வரும் நைட்ரேட்டால் விளைவதைப் புதிய உற்பத்தி என்றும், உயிரிகள் கழிக்கும் அம்மோனியாவால் விளைவதை மறு உற்பத்தி என்றும் டக்டேலும் கோரிங்கும் 1967இல் பிரித்தனர். தாமிரபரணி வெள்ளம் தருவது முதல் வகை. விலங்குகள் தருவது இரண்டாம் வகை.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சிப்பி, கடல் அட்டை, மீன் ஆகியவற்றின் வாழ்வை ஆராய்ந்து, இவ்வளைகுடா பற்றிய அறிவை வளர்த்தது.

விலங்குகளின் பணி

முத்துச்சிப்பி, கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் ஒட்டி வாழ்கிறது. நீரை உள்ளிழுத்து நுண்பாசிகளை வடிகட்டி உண்டு, அம்மோனியாவை நீரில் கழிக்கிறது. உண்ணாத துகள்களைச் சளியில் திரட்டித் தரையில் விடுகிறது. நீரில் மிதந்த சத்து இவ்வாறு தரைவாழ் உயிர்களுக்கு உணவாகிறது.

அந்தத் தரையில் உழவு செய்வது கடல் அட்டை. மண்புழுவைப் போல மணலை விழுங்கி, அதில் படிந்த அழுகலையும் பாக்டீரியாவையும் செரித்துவிட்டு, மணலை வெளியே தள்ளுகிறது. அதன் கழிவில் உள்ள அம்மோனியாவும் பாஸ்பேட்டும் மணல்மேல் வளரும் பாசிகளுக்கும் கடற்புல்லுக்கும் உரமாகின்றன. அது புதைந்து கிளறுவதால் மண்ணுக்குள் ஆக்சிஜனும் செல்கிறது.

பவளத்திட்டுகளில் இப்பணியை மீன்கள் செய்கின்றன. இரவில் கடற்புல் வெளியில் இரை தேடிப் பகலில் பவளங்களுக்கிடையே தங்கும் மீன்களின் கழிவால் அப்பவளங்கள் வேகமாக வளர்வதைக் கரீபியன் கடலில் நடந்த ஓர் ஆய்வு 1983இல் காட்டியது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடற்புல்லை வேரோடு மேய்ந்து, சாணமாக அப்புல்வெளியிலேயே விடுகிறது.

ஆழ்கடலில் இரை தேடி, மூச்சு வாங்க மேலே வரும் திமிங்கலங்கள் மேல்மட்டத்தில் கழிப்பதால் நைட்ரஜன் மேலேறுகிறது. ஜோ ரோமனும் ஜேம்ஸ் மெக்கார்த்தியும் 2010இல் இதனைத் திமிங்கல இறைப்பி என்று பெயரிட்டு விளக்கினர். திமிங்கலங்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு அருகிலும் வருகின்றன. 1973 ஜனவரியில் தூத்துக்குடி அருகே 147 பைலட் திமிங்கலங்களும், 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்டவையும் ஒதுங்கின. ஆழ்கடலில் இறக்கும் திமிங்கலத்தின் உடல் அடித்தரை உயிர்களுக்குப் பல ஆண்டுகள் உணவாகும்.

சேதமும் பாதுகாப்பும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடந்தது. சீனச் சந்தைக்காக உலர்த்தி அனுப்பப்பட்ட கடல் அட்டை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டதால், மூன்று அங்குலத்துக்குக் குறைந்தவற்றின் ஏற்றுமதி 1982இல் தடை செய்யப்பட்டது. 2001இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அதைப் பிடிப்பதே குற்றமாயிற்று. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதும் திட்டுகளைச் சிதைத்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலுமாக 560 சதுர கி.மீ. பரப்பு 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1988இல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பொரிப்பகத்தில் கடல் அட்டைக் குஞ்சுகளை உருவாக்கினர். அடுத்துள்ள பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகம் 2022இல் அமைந்தது.