கடல் ஏறிய இரவு

கடலோசை எட்டாத மேட்டு நிலம் நமது மைசூர் மைன்ஸ். ஆயினும் கடல் மட்டத்தினும் ஈராயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்த ஆழத்தில் நம் முன்னோர் தங்கம் அகழ்ந்தனர். 2001-ல் மூடப்பெற்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். பாறை வெடித்துச் சரியும் ஓசை கேட்டு வளர்ந்த நமக்குத் தனுஷ்கோடியின் துயரம் அயலார் துயரமன்று.

1964 டிசம்பர் 22, நள்ளிரவு. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியின் அருகே கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் மீளவில்லை. ரயில் நிலையம், அஞ்சல் நிலையம், மாதா கோயில் யாவும் சிதைந்தன. 1914-ல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலத்தின் உத்தரங்களுட் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டார். தனுஷ்கோடிக்குரிய இருப்புப் பாதையோ மீண்டும் இடப்பெறவில்லை. பாலம் பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை.

அவ்வூரை அழித்தது காற்று மட்டுமன்று. புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழமற்ற கடலில் அந்நீர் கீழே திரும்பிச் செல்ல இடமின்றி மேலே குவிகிறது. இதுவே கடற்பெருக்கு. ஓரலை வந்து மீள்வது போன்றதன்று இது; கடலே பல மணி நேரம் நிலத்தின்மேல் நின்றுவிடுகிறது. வங்கக் கடலின் வடபுறக் கரைகளிலும் பாக் நீரிணையிலும் ஆழம் குறைவாதலின் அபாயம் மிகுதி. புவி வெப்பமுறுந்தோறும் கடல் மட்டம் உயர்கிறது. ஆகவே பண்டைய புயலுக்கு நிகரான புயலும் இன்று உயர்ந்த படியிலிருந்தே ஏறத் தொடங்குகிறது.

காக்கும் வழி உண்டா? ஒரிசா விடை சொல்கிறது. 1999 அக்டோபர் 29-ஆம் நாட் புயலில் அங்கு மாண்டோர் பதினாயிரத்தை நெருங்கினர். பின்னர்க் கரையோரம் புகலிடங்கள் எழுந்தன. 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழந்தோர் ஐம்பதின்மருக்குள் அடங்கினர். 1999 புயலுக்குப் பின் கேந்திரபாரா மாவட்டத்தை ஆராய்ந்தோர், அகன்ற அலையாத்திக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்களில் சாவு குறைந்திருந்ததைக் கண்டனர். நம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அத்தகு காடுகள் உள்ளன. கற்சுவர் ஒன்றே போதுமென்பாரோடு நாம் உடன்படோம். ஓரிடத்துச் சுவர் அடுத்த மணற்கரையை அரிப்பதைப் பல இடங்களிற் காண்கிறோம்.

விசாகப்பட்டினத்திலும் பாரதீப்பிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். புயலறிக்கை வாசிக்கப்படுகையில் யாவரும் காற்றின் வேகத்தையே செவிமடுக்கிறோம். வழக்கமான ஏற்றநீருக்கு மேல் கடல் எத்தனை மீட்டர் உயரும் என்பதும் அவ்வறிக்கையில் கூறப்படும். அதனையும் கேட்டு, வீடு நிற்கும் தரையின் உயரத்தோடு ஒப்பிட்டுக்கொள்க.