தேநீரும் இரும்பும்: நன்மை ஆய்வுகள் யாருடைய உடம்பைப் பேசுகின்றன?

தேநீர் உடம்புக்கு நல்லதா என்று மருத்துவ இதழ்களைப் புரட்டினால், பெரும்பாலும் ‘ஆம்’ என்ற விடையே கிடைக்கிறது. அந்த ‘ஆம்’ எந்த ஊரில், எந்த உணவோடு, எவருடைய உடம்பைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேளாமலே நம் நலவாழ்வுப் பக்கங்கள் அதைத் தமிழாக்கித் தந்துவிடுகின்றன. தேநீரின் நன்மைக்குச் சான்று உண்டு. அது மெல்லிய சான்று. அதன் கேடுகளில் ஒன்று குறுகிய எல்லைக்குட்பட்டது, ஆயினும் உறுதியாக நிறுவப்பட்டது. அந்தக் கேடு வந்து விழும் இடம் நம் பெண்களின் இரத்தம் என்பதே இங்கு நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஜப்பானின் மியாகி மாநிலத்து ஒசாகி பகுதியில் 40,530 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நாளுக்கு 5 கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் குடித்தவர்களின் இறப்பு வாய்ப்பு, ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட 16 விழுக்காடு குறைவாக இருந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்களில்தான் பயன் தெரிந்தது. புற்றுநோய் இறப்பில் வேறுபாடு இல்லை. 2022இல் பிரிட்டனின் உயிர்வங்கித் தரவுகளிலிருந்து 4,98,043 பேரை வைத்துச் செய்த ஆய்வு கறுப்புத் தேநீருக்கும் இதையொத்த முடிவைத் தந்தது: 2 கோப்பையோ அதற்கு மேலோ குடிப்போருக்கு இறப்பு வாய்ப்பு 9 முதல் 13 விழுக்காடு வரை குறைவு. இரண்டும் மக்களை நோக்கிப் பதிவு செய்த ஆய்வுகள். தேநீரைக் கொடுத்துச் சோதித்தவை அல்ல. தேநீர் குடிப்பவரின் மற்றப் பழக்கங்களைக் கணக்கில் எவ்வளவுதான் கழித்தாலும் அவற்றின் தாக்கம் சிறிது மிஞ்சவே செய்யும்.

பயனுக்கு வழி சொல்வது கடினமன்று. இலையிலுள்ள காட்டெக்கின் என்னும் பாலிபீனால்கள் இரத்தக்குழாயின் உட்சுவரைத் தளரச் செய்கின்றன. கறுப்புத் தேயிலையில் இவற்றில் பெரும்பகுதி காற்றுப்பட்டுத் தியாஃப்ளேவின், தியாருபிகின் என மாறிவிடுகிறது. நம் கண்ணாடித் தம்ளரில் தெரியும் செந்நிறம் அவற்றினுடையது. 2007இல் பெர்லின் ஆய்வாளர்கள் 16 பெண்களுக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்துப் பார்த்தபோது குழாய் நன்றாக விரிந்தது. பால் சேர்த்ததும் அந்த விரிவு மறைந்தது. பாலிலுள்ள கேசீன் புரதம் காட்டெக்கினைப் பற்றிக்கொள்வதாக அவர்கள் விளக்கினர். பால் சேர்த்தாலும் காட்டெக்கின் உடம்பில் சேர்கிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. பிரிட்டன் ஆய்வில் பாலோ சர்க்கரையோ முடிவை மாற்றவில்லை. எனவே பால் தேநீரில் பயனே இல்லை என்று நான் வாதிடமாட்டேன்.

ஆனால் அந்த உயிர்வங்கிக்குத் தாமாக முன்வந்தவர்கள் தம் நாட்டுச் சராசரியைவிட நலமானவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். புலால் உணவு பரவலான ஒரு சமூகத்தினர். இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புலாலில் வரும் இரும்பு வேறு, அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் வரும் இரும்பு வேறு. தேநீரின் துவர்ப்புச் சத்து இரண்டாவதைத்தான் குடலிலேயே கட்டிப்போடுகிறது.

1975இல் ‘கட்’ என்னும் குடல்நோய் ஆய்விதழில் வந்த கட்டுரையை இந்த விவாதத்தின் அடித்தளமாகக் கொள்கிறேன். சோறும், உருளைக்கிழங்கு-வெங்காயச் சூப்பும் சேர்ந்த உணவிலிருந்து உடம்பில் ஏறும் இரும்பைத் தேநீர் தடுத்தது. ரொட்டியிலிருந்து ஏறும் இரும்பையும் தடுத்தது. சமைத்த ஹீமோகுளோபினிலிருந்து ஏறுவதை மட்டும் தடுக்கவில்லை. வைட்டமின் சி உடனிருந்தும் தடை நீங்கவில்லை. தேநீரில் எலுமிச்சை பிழிந்துவிட்டால் போதும் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். இரும்பு சல்பேட் கரைசலிலும் இதே நிலைதான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வாங்கிச் செல்லும் சத்து மாத்திரையில் இருப்பது இரும்பு சல்பேட்தானே!

1999இல் வெளியான மற்றோர் ஆய்வில் ரொட்டி உணவோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு ஏறுவது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. பால் சேர்த்துப் பார்த்தார்கள்; தடையில் மாற்றமே இல்லை என்று சொல்லும் அளவில்தான் இருந்தது. பெர்லின் முடிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால், தேநீரின் நன்மையைக் குறைக்கக்கூடும், கேட்டைக் குறைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. அதற்குத் தேநீரே காரணம் என்பதும் மிகையாகும். இரும்பு போதிய அளவில் உள்ளவரைத் தேநீர் பெரிதாகப் பாதிப்பதில்லை என்றே பிரிட்டன் மதிப்பாய்வுகள் சொல்கின்றன. இருப்பு ஏற்கெனவே வற்றியவரிடம் கதை வேறு. காலையில் இட்லியோடு ஒரு தேநீர், மாத்திரையை விழுங்கவும் அதே தேநீர் என்றால் மாத்திரையின் ஒரு பகுதி வீணாகலாம். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் காலை உணவு கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணி என்னும் பாலில்லாத் தேநீரும் என்றால், 1999இன் ஆய்வுக்கூட உணவுத் தட்டு அப்படியே அவள் முன் இருக்கிறது. உலகுக்குத் தேநீர் தருபவளின் உடம்பைப் பற்றி தேநீரின் நன்மைகளை எழுதுவோர் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

தேநீர் பசியை மறைப்பதும் இந்தக் கேட்டோடு சேர்ந்தது. வேலைத்தளத்தில் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பன்னும் இரண்டு டீயுமாக நாளைத் தள்ளுவோரைக் கடைவாசலில் எவரும் பார்க்கலாம். சர்க்கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் நாலைந்து தம்ளர் இனிப்பு டீ என்னவாகும் என்பது நீரிழிவு மிகுந்த இந்த மண்ணுக்குத் தெரியும். சூட்டைப் பற்றியும் ஒரு சொல். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. இரண்டு பாத்திரங்களுக்கிடையே உயர்த்தி ஆற்றித் தரும் நம் டீ மாஸ்டரின் வழக்கம் இங்கே நமக்கு நன்மையே.

தீர்வு தேநீரை விடுவதில் இல்லை. 2017இல் பிரிட்டனில் 12 பெண்களிடம் செய்த சோதனையில், உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டபோது இரும்புத் தடை கணிசமாகத் தளர்ந்தது. இதற்குச் செலவில்லை, புது மருந்தில்லை. சத்து மாத்திரை கொடுக்கும் செவிலியர் “ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்க?” என்பதோடு நிறுத்தாமல், “சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சுக் குடிக்கிறீங்கம்மா?” என்றும் கேட்க வேண்டும். மாத்திரை அட்டையில் அந்த விடைக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும்.