ஜொகூர்க் காட்டுக் கற்பூரமும் சிலப்பதிகார உரையும்

நறுமணப் பொருள்களைத் தரம் பிரித்து மதிப்பிடும் கலை மேனாட்டார் தந்தது என்று கருதுவோர் உளர். ஜொகூர் பாருவின் அங்காடிகளில் ஆடவர்க்கெனத் தனியே அடுக்கப்பெற்ற வாசனைப் புட்டிகளை முகர்ந்து, 'இது பழைய மரபு, இது புதுக் கலவை' என்று ஆராய்வோர் இன்று பலர். பாரிஸில் 1882-இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட 'ஃபூஜேர் ரோயால்' என்னும் வாசனையை அம்மரபின் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்வர். ஆய்கூடத்தில் ஆக்கப்பட்ட கூமரின் என்னும் மணப்பொருளைக் கலந்து செய்த வாசனை அது. ஆனால், அதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழ் ஆடவர் மார்பில் சந்தனச் சாந்து பூசினர். நறுமணச் சரக்குகளைத் தரந்தரமாகப் பிரித்தறிந்த வணிகரும் அந்நாளில் இருந்தனர். அச்சரக்குகளுள் விலை மிக்கது ஒன்று. அதனைத் தரும் மரம் ஜொகூர்க் காடுகளிலும் வளர்வது. அதுவே கற்பூரம்.

உரையாசிரியர் தரும் பட்டியல்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், கீழ்த்திசையிலிருந்து மரக்கலங்கள் கொண்டுவந்த பொருள்கள் பேசப்படுகின்றன. அகில், துகில், சந்தனம், வாசப்பொருள், கற்பூரம் என அவை ஐந்து. இவ்விடத்து உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஒவ்வொன்றன் வகைகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். அகிலின் வகைகளுள் அருமணவன், தக்கோலி, கிடாரவன் என்பன மூன்று. கீழைப் பர்மா, தக்கோலத் துறை, கடாரம் ஆகிய இடங்களின் பெயரால் அமைந்தவை இவை. எங்கிருந்து வந்தது என்பதே தரத்தின் அடையாளமாயிற்று.

கற்பூரத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் உள. அவற்றுள் வாரோசு என்பது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறை. அத்துறைக்கு அருகில் லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டும் அவ்வூரை வரோசு என்றே குறிக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழு சக ஆண்டு 1010-இல், அதாவது கி.பி. 1088-இல், பொறித்த கல்வெட்டு அது. எனவே உரையாசிரியர் கூறும் பெயர் கற்பனையன்று; வணிகர் நாவில் வழங்கிய சொல்லே.

மார்பும் காலும்

இப்பட்டியலில் படிப்போரை மயங்க வைக்கும் பெயர்கள் சில உள. மார்பு, இளமார்பு, ஆரூர்க்கால், கையொட்டுக்கால் என்பன அவை. கற்பூரத்துக்கு மார்பு ஏது, கால் ஏது? உரையாசிரியர் விளக்கம் தரவில்லை. அவர் காலத்தார்க்கு அது வேண்டாதிருந்தது போலும்.

விடைக்கு உதவுவது போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா கோவாவில் 1563-இல் அச்சிட்ட நூல். இந்திய வணிகர் பாருஸ் வகைக் கற்பூரத்தைச் சல்லடைகளில் சலித்து, பருமனுக்கேற்பத் தலை, மார்பு, கால், அடி என நான்காகப் பிரித்தனர் என்று அவர் எழுதுகிறார். பெருங்கட்டி தலை, பொடி அடி. இரண்டுக்கும் விலை பன்மடங்கு வேறுபட்டது. தமிழ் உரையின் மார்பும் காலும் இதே முறையைச் சார்ந்த வணிகக் குறியீடுகள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஜொகூர்க் காட்டின் மறைமொழி

இனி, அக்கட்டி பிறக்கும் இடத்தைக் காண்போம். அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் அச்சிற் பதிப்பித்தது 1892-இல். அதன்பின் இரண்டே ஆண்டில், 1894-இல், லேக், கெல்சால் என்னும் இருவர் ஜொகூரின் கற்பூர மரத்தைப் பற்றியும் கற்பூர மொழியைப் பற்றியும் ஆசியக் கழகத்தின் நீரிணைக் (ஸ்ட்ரெய்ட்ஸ்) கிளை ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

ஜொகூரின் உட்காடுகளில் வாழும் ஜாக்குன் மக்களே அங்குக் கற்பூரம் தேடினர். மரம் ஓங்கி வளர்ந்திருப்பினும் உள்ளே கட்டி இருக்கும் என்பது உறுதியன்று. பல மரம் வெட்டியும் வெறுங்கையுடன் திரும்புவதுண்டு. ஆதலால் தேடும் நாளெல்லாம் அன்றாட மொழியை விலக்கி, 'பந்தாங் காப்பூர்' என்னும் தனிமொழி பேசினர். மாற்றிப் பேசினால் கற்பூரம் கைக்கு எட்டாது என்பது அவர் நம்பிக்கை. அம்மொழியின் சொற்களுட் பல மலாயில் இல்லாதவை. கற்பூரத்துக்குரிய தெய்வத்தை 'பீசான்' என்றனர். இரவில் சில்வண்டு ஒலித்தால் அருகில் கற்பூரம் உண்டு என மகிழ்ந்தனர்.

அவர் காத்த விலக்குகளுள் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. தேடும் நாளில் உப்பை நுணுக்கிப் பொடி செய்தல் ஆகாது. பொடியுப்பு உண்டால் கற்பூரமும் பொடியாகக் கிடைக்கும். கல்லுப்பு உண்டால் பெருங்கட்டியாகக் கிடைக்கும். வணிகர் சல்லடையால் அளந்த அதே பருமனையே காட்டிலிருந்தவர் உப்புக்கல்லால் வேண்டினர். அங்காடியின் தலையும் அடியும் காட்டின் கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே மதிப்பீட்டின் இரு முனைகள்.

இருவகைக் கற்பூரம்

உரைப் பட்டியலில் சீனச்சூடனும் இடம்பெறுகிறது. சீனக் கற்பூரம் வேறொரு மரத்தின் கட்டையையும் இலையையும் காய்ச்சி எடுப்பது. பாருஸ் வகையோ மரத்தின் வெடிப்புகளில் தானே உறைவது. முன்னது நீரில் மிதக்கும், பின்னது மூழ்கும், காற்றிலும் மெல்லவே கரையும். வேதிநூலார் பின்னதைப் போர்னியால் என்பர். பாருஸ் பக்கத்துப் பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என மார்க்கோ போலோ எழுதியதும் இவ்வகையையே. இன்று கடைகளில் விற்கும் சூடம் பெரும்பாலும் டர்ப்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலைகளில் ஆக்கப்படுவது. சூடன் என்னும் பழம்பெயர் நிற்க, பொருள் மாறிவிட்டது.

மரமும் நிலை மாறிற்று. மலேசியாவில் இன்று 'காப்பூர்' என்றால் மரவாணிகர் நினைப்பது கட்டடத்துக்குரிய பலகையை. ஜாக்குன் மக்கள் எண்டாவ் ஆற்றங்கரைக் கம்போங் பேத்தா முதலிய ஊர்களில் வாழ்கின்றனர்.

உரையாசிரியர் பட்டியல் துறைகளின் பெயரைக் காத்தது. வணிகர் வைத்த தரப்பெயரைக் காத்தது. கட்டியைக் கண்டெடுத்தவர் பெயர் அதில் இல்லை. அவர் சொற்களில் ஒரு பகுதி 1894-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நின்றது. ஒன்றில்லாமல் மற்றொன்று குறையே. ஊர்காண் காதையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் 'மார்பு, கற்பூரத்தின் ஒரு வகை' என்ற அளவில் நிறுத்தாமல், சல்லடை பிடித்த வணிகனையும் கல்லுப்புக் கொண்டு காட்டுக்குப் போன ஜாக்குன் மனிதனையும் மாணவர்க்குக் காட்டலாம். அப்போது அந்த ஒரு சொல்லே கடல் கடந்த வரலாற்றைத் தன்னுள் அடக்கி நிற்பது விளங்கும்.