பிகினியில் எழுந்த சாம்பல்

அணுக்குண்டின் வலிமையை எண்களாற் கூறி நாம் பழகிவிட்டோம். ஆயிரம் தொன் ரி.என்.ரி. வெடிமருந்து ஒருங்கே வெடித்தால் வெளிப்படும் சக்தி ஒரு கிலோதொன். பத்து இலட்சம் தொன் வெடித்தால் வெளிப்படுவது ஒரு மெகாதொன். 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோசிமாவின் மீது வீசப்பட்ட குண்டின் வலிமை ஏறத்தாழ 15 கிலோதொன். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 140,000 மக்கள் மாண்டனர். ஒன்பது ஆண்டுகள் கழியுமுன்னரே, அதனினும் ஆயிரம் மடங்கு வலிய குண்டொன்று பசுபிக் சமுத்திரத்தில் வெடிக்கப்பட்டது. அதன் உண்மையான அளவு, வெடிக்கும் வரை அதனைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அவ்வளவைத் தம் உடலால் அறிந்தவர்கள் யார் என்பதையே இங்கு நாம் நோக்க வேண்டும்.

மார்சல் தீவுகள் முருகைக் கற்களாலான சிறு நிலத்திட்டுகள். இரண்டாம் உலகப் போரின்போது அவை அமெரிக்கர் வசமாயின. 1946ஆம் ஆண்டு பிகினித் தீவு மக்கள் 167 பேரை அமெரிக்கக் கடற்படை வேற்றிடத்துக்கு அகற்றியது. மனித குலத்தின் நன்மைக்காகவும் போர்களை ஒழிப்பதற்காகவும் தீவைத் தற்காலிகமாகத் தருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. மறுவருடம் அத்தீவுகள் ஐக்கிய நாடுகள் சபையின் நம்பிக்கைப் பொறுப்பு ஆட்சியின் கீழ் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. குடிமக்களின் சுகத்தைக் காப்பதும், அவர்கள் தம் நிலத்தை இழக்காது காப்பதும் அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்ட கடமைகள்.

1954 மார்ச் 1ஆந் திகதி விடியற்காலை பிகினியில் 'பிராவோ' என்ற ஐதரசன் குண்டு வெடிக்கப்பட்டது. விஞ்ஞானிகள் எதிர்பார்த்தது ஏறத்தாழ 6 மெகாதொன். வெளிப்பட்டதோ 15 மெகாதொன். குண்டின் எரிபொருளில் இருவகை இலிதியம் இருந்தது. இலிதியம்-6 மட்டுமே வினைபுரியும், இலிதியம்-7 வாளா இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். வெடிப்பின் வேகத்தில் இலிதியம்-7 உம் பிளவுற்றுக் குண்டுக்கு மேலும் எரிபொருளை அளித்தது. ஏட்டில் நேர்ந்த ஒரு பிழை தீவுகளின் தலைவிதியாயிற்று. தீக்கோளம் ஏழு கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்தது. முருகைப் பாறையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் அகலமும் 75 மீற்றர் ஆழமுமுள்ள பெருங்குழி உண்டாயிற்று. அக்குழியிலிருந்த கல் பொடியாகி, கதிரியக்க நஞ்சைச் சுமந்துகொண்டு வானில் எழுந்து, கிழக்கு நோக்கிச் சென்றது. காற்றின் நிலை பாதகமாகி வருவது முன்னிரவிலேயே அறிவிக்கப்பட்டிருந்தும் வெடிப்பு ஒத்திவைக்கப்படவில்லை.

பிகினிக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் ரொங்கலப் தீவு இருக்கிறது. அன்று அங்கே 64 பேர் இருந்தனர். 1946ஆம் ஆண்டின் சிறிய குண்டுகளுக்கு அஞ்சி அத்தீவினரை அப்புறப்படுத்தியவர்கள், இப்பெருங்குண்டுக்கு முன் அவ்வாறு செய்யவில்லை. வெண்பொடி மழைபோல விழுந்தது. அது யாதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினர். இரவாகுமுன் வாந்தியும் தோலெரிவும் தொடங்கின; நாட்செல்ல மயிர் உதிர்ந்தது. அயற்றீவில் வானிலை நோக்கியிருந்த அமெரிக்க வீரர்கள் 28 பேரும் மறுநாளே அகற்றப்பட்டனர். ரொங்கலப் மக்களை ஏற்றக் கப்பல் வந்தது மூன்றாம் நாளில்.

அதே பொடி 'டைகோ புக்குரியு மாரு' என்ற யப்பானிய மீன்பிடிக் கப்பலின் மீதும் விழுந்தது. கப்பல் அறிவிக்கப்பட்ட ஆபத்து வலயத்துக்கு வெளியிலேயே நின்றது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றவராய் மார்ச் 14ஆந் திகதி யாயிசுத் துறைமுகம் மீண்டனர். அவர்கள் கொணர்ந்த சூரை மீன்களிலும் கதிரியக்கம் காணப்பட்டது. கப்பல் ஆபத்து வலயத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்றார் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ரோஸ். கப்பலின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டெம்பர் 23ஆந் திகதி இறந்தார். மறுவருடம் அமெரிக்கா யப்பானுக்கு 20 இலட்சம் டொலர் வழங்கியது. சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

வல்லரசு மறைக்க நினைத்ததை மீனவரின் நோய் உலகறியச் செய்தது. தோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் இல்லத்தரசிகள் முன்னின்று தொடங்கிய கையொப்ப இயக்கம் மூன்று கோடிக்கு மேற்பட்ட யப்பானியரின் ஒப்பங்களைத் திரட்டியது. 1954 ஏப்ரில் மாதத்தில் மார்சல் தீவினர் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுச் செய்தனர். அதே மாதத்தில் பரிசோதனைகளை நிறுத்துமாறு நேரு குரல் கொடுத்தார். அம்மாத இறுதியில் எமது கொழும்பு நகரிற் கூடிய இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்களும், உடன்பாடு ஏற்படும் வரை ஐதரசன் குண்டுகளை வெடிக்கலாகாது என்று அறிக்கை விடுத்தனர். வல்லரசுகள் செவிசாய்க்கவில்லை. அத்தீவுகளில் 1946 முதல் 1958 வரை நிகழ்த்தப்பட்ட வெடிப்புகள் 67.

ரொங்கலப் மக்கள் 1957ஆம் ஆண்டு தம் தீவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து அவர்களது குருதியைச் சோதித்துக் குறித்துச் சென்றனர். சாம்பலில் விளையாடிய குழந்தைகள் பலருக்குத் தைரொயிட்டுச் சுரப்பியிற் கட்டிகள் தோன்றின. தாம் நோயாளர்களா, அன்றி ஆராய்ச்சிப் பொருள்களா என்று அம்மக்கள் கேட்டதில் வியப்பில்லை. 1985ஆம் ஆண்டு தாமாகவே தீவைத் துறந்து வெளியேறினர். அணுவாயுத நாடுகளுக்கெதிராக மார்சல் தீவுகள் தொடுத்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இலங்கை 2023ஆம் ஆண்டு இணைந்தது. அவ்வொன்பது நாடுகளில் ஒன்றேனும் இணையவில்லை. தம் கணக்குப் பிழையாது என்றே அவை இன்றும் உறுதி கூறுகின்றன. பிராவோவைச் செய்தவர்களும் கணக்கிற் குறைந்தவர்களல்லர். அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர்களே. அவர்களது கணக்கு இரண்டரை மடங்கு பிழைத்தது. பிழையைச் செய்தவர் தப்பினர். கணக்கில் இடம்பெறாத மீனவரும் தீவினரும் அதன் விலையைக் கொடுத்தனர். மெகாதொன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அந்த 64 பேரையும் 23 பேரையும் நாம் கணக்கிற் சேர்த்துக்கொள்வோமாக.