எச்: ஓர் எழுத்தின் வர்க்க சரித்திரம்

இலக்கண விதி என்பது மொழிக்குள் ஏற்கெனவே கிடப்பது, இலக்கணக்காரர் அதைக் கண்டெடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான் என்றொரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலச் சொற்களின் முதலில் வரும் 'எச்' எழுத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. லத்தீனின் ஹகர ஒலி பிரெஞ்சுக்கு வருவதற்குள்ளேயே உதிர்ந்துபோயிருந்தது. மணியைக் குறிக்கும் 'அவர்', வாரிசைக் குறிக்கும் 'ஏர்', 'ஆனர்', 'ஆனஸ்ட்' இவற்றிலெல்லாம் எச் எழுதப்படுகிறது, ஒலிப்பதில்லை. இவற்றின் முன்னால் 'எ' வராமல் 'ஆன்' வருவது இதனால்தான்.

நடிகராயிருந்து உச்சரிப்பு ஆசிரியரான ஜான் வாக்கர் 1791இல் ஓர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். எச் ஒலிக்கக்கூடாத சொற்களுக்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. ஹாஸ்பிட்டல், ஹம்பிள், ஹ்யூமர் ஆகியனவும் அதில் சேர்த்தி. அதே புத்தகம் லண்டன் பாமரர்களின் பேச்சுக் குற்றங்களை வரிசைப்படுத்துகிறபோது எச்சை விழுங்குவதும் ஒரு குற்றமாகிவிடுகிறது. மௌனம் ஒன்றுதான், ஓரிடத்தில் விதி, இன்னோரிடத்தில் பிழை.

அறுபது வருஷம் போகட்டும். டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் (1849–50) யூரியா ஹீப் என்கிற குமாஸ்தா மூச்சுக்கு மூச்சு தன்னை 'அம்பிள்' என்று சொல்லிக்கொள்கிறான். வாக்கர் கணக்குப்படி சுத்தமான உச்சரிப்பு. ஆனால் நாவலில் அது, கீழேயிருந்து மேலேறத் துடிப்பவனின் போலிப் பணிவுக்கு முத்திரை. இடைப்பட்ட காலத்தில் அச்சும் பள்ளிக்கூடமும் பெருகி, எழுத்தைப் பார்த்து உச்சரிப்பதே படித்தவர் லட்சணம் என்றாகியிருந்தது. புதிதாகப் பணம் பார்த்தவர்களுக்கு எச் ஒரு நுழைவுச்சீட்டு. 'பாவம், எச் எழுத்து' என்கிற பொருளில் தலைப்பிட்டு 1854இல் ஒரு கையேடே வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 'ஹிம்', 'ஹெர்' போன்ற சொற்கள் வாக்கியத்தின் நடுவில் அழுத்தமில்லாமல் வரும்போது பிரபுவும்தான் எச்சை விட்டுவிடுகிறார். 'இட்' என்பதே பழைய ஆங்கிலத்தில் 'ஹிட்'. இதையெல்லாம் யாரும் பிழை என்று சொன்னதில்லை. சந்தைக்காரி 'ஹவுஸ்' என்பதை 'அவுஸ்' என்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஆங்கிலம் தப்பு என்று நம் வகுப்பறைகளில் ஒரு பிள்ளை தலைகுனிகிறபோது, அந்தத் தப்பு எப்போது, யாரால் தப்பாக ஆக்கப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.